ஸ்வே பாரைக் கழற்றினால் பிக்கப் வண்டியின் குலுக்கல் போய்விடுமா?

"பிக்கப்பில் ஸ்வே பார் வீண், கழற்றினால் குலுக்கல் நின்றுவிடும்" என்று ஒரு தகவல் சுற்றுகிறது. அதில் கால்வாசிதான் உண்மை.

இடது, வலது சக்கரங்களை இணைக்கும் முறுக்குக் கம்பிதான் ஸ்வே பார். வேகத்தடையில் இரண்டு சக்கரமும் சேர்ந்து ஏறும்போது அது தன்னைத் தாங்கும் ரப்பர் புஷ்ஷுக்குள் சும்மா சுழலும், அவ்வளவுதான். அந்தக் குலுக்கலுக்கு ஸ்பிரிங்கையும் டயர் காற்றையும் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் ஏறி இறங்கும்போதுதான் கம்பி முறுக்கி எதிர்க்கும். அதனால் பாறைத் தடத்தில் ஊர்ந்து போகிறவர்களுக்குக் கழற்றுவது உதவும், சரி. ஆனால் ஜீப் கிளாடியேட்டர் ரூபிகான் பிக்கப்பில் பட்டனை அழுத்தி விடுவிக்கும் முன்பக்க பார்கூட, வேகம் சுமார் 29 கிலோமீட்டரைத் தாண்டியதும் தானாகவே இணைந்துகொள்ளும். நெடுஞ்சாலையில் சட்டென ஸ்டியரிங்கை ஒடித்தால், பார் இல்லாத வண்டி அதிகமாகச் சாயும். பாரம் ஏற்றியிருந்தால் இன்னும் மோசம்.

லொடலொட சத்தத்துக்காகக் கழற்றுகிறீர்களா? பாரின் முனையை இணைக்கும் லிங்க்கும் புஷ்ஷும் தேய்ந்திருந்தால், அவற்றை முதலில் மாற்றிப் பாருங்கள்.