வினிகர் இல்லாமல் சுஷி பேக்கா?
சுஷி பேக் என்பது சுஷியைச் சுருட்டாமல், தட்டில் சோற்றைப் பரப்பி, மேலே கலவை வைத்து ஓவனில் சுட்டு, நோரி என்ற உலர்ந்த கடற்பாசித் தாளில் அள்ளி வைத்துச் சாப்பிடுவது. அதில் சோற்றுக்கு வினிகர் சேர்க்காவிட்டாலும் பரவாயில்லை, மேலே போடும் மயோனைஸே போதும் என்று ஒரு சமையல் கட்டுரையில் எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. சுஷி என்ற சொல்லே அந்தப் புளிப்புச் சோற்றைத்தான் குறிக்கிறது, பச்சை மீனை அல்ல. மேலே போகிற நண்டுக்குச்சி (நண்டுச் சுவையில் மீன் விழுதில் செய்வது) இனிப்பு, கிரீம் சீஸும் மயோனைஸும் கொழுப்பு. அடியில் புளிப்பு இல்லையென்றால் நாலாவது வாயிலேயே திகட்டிவிடும். 2020 ஊரடங்கின்போது நான் மணிலாவில் இருந்தேன். சுஷி பேக்கை வீட்டில் செய்து அலுமினியத் தட்டில் விற்பது அப்போது அங்கே பெரிய அலை. எங்கள் மாடியில் குடியிருந்த ஓர் அம்மா 2 கப் அரிசிக்குக் கால் கப் அரிசி வினிகர், 2 மேசைக்கரண்டி சர்க்கரை, 1 தேக்கரண்டி உப்பு கரைத்து, சோறு சூடாக இருக்கும்போதே மரக்கரண்டியால் வெட்டி வெட்டிக் கலப்பார். பிசையவே மாட்டார். அதன் மேல் ஃபுரிகாகே (எள்ளும் கடற்பாசியும் கலந்த ஜப்பானியத் தூவல்) தூவி, நண்டுக்குச்சிக் கலவையைப் பரப்பி, ஓவனில் 200 டிகிரி செல்சியஸில் மேற்பரப்பு ஆங்காங்கே சிவக்கும்வரை வைப்பார். பாஸ்மதியில் செய்யலாமா என்று அந்தக் கட்டுரைக்கான கருத்துகளில் ஒருவர் கேட்டிருக்கிறார். வேண்டாம், உதிரும், கரண்டியில் அள்ளி நோரியில் வைப்பதற்குள் பாதி தட்டிலேயே விழுந்துவிடும். ஜப்பானியக் குட்டை அரிசிதான் சரி. அப்புறம், விருந்துக்கு எடுத்துப் போகும்போது நோரித் துண்டுகளைக் காற்றுப் புகாத டப்பாவில் தனியாகக் கொண்டுபோங்கள். சூடான தட்டின் மேலேயே அடுக்கினால் ஆவியில் நமத்து, ரப்பர் மாதிரி இழுக்கும்.