ஏஜென்ட் வேண்டும் என்று கேட்டது குற்றமல்ல

ஞாயிற்றுக்கிழமை பெரம்பூர் இலக்கியக் கூட்டத்தில் நடந்தது இங்கே பெரும்பாலோருக்குத் தெரியும், காணொளியையும் பார்த்திருப்பீர்கள். முதல் நாவலை எழுதி முடித்த ஒரு தங்கை எழுந்து நின்று, எழுத்தாளர் சார்பில் பதிப்பகங்களிடம் பேசி நூலின் உரிமைகளை விற்றுத் தரும் இலக்கிய ஏஜென்டை எப்படிக் கண்டுபிடிப்பது, எப்படி அணுகுவது என்று கேட்டார். "நாவல் என்ன வீட்டுமனையா, புரோக்கர் வைத்து விற்பதற்கு?" என்றார் மேடையில் இருந்த மூத்தவர். அரங்கம் சிரித்தது. நானும் அங்கேதான் இருந்தேன், எழுந்து ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்தேன். அந்த உறுத்தல் நான்கு நாளாகியும் அடங்காததால் எழுதுகிறேன்.

ஏஜென்ட் வேண்டும் என்று கேட்பது பேராசை அல்ல. தான் எழுதியதன் உரிமைகள் என்னென்ன, அவற்றை யார் யாரிடம் என்ன நிபந்தனையில் கொடுக்கலாம் என்று தெரிந்துகொள்ள நினைக்கும் ஒருவர் கேட்க வேண்டிய முதல் கேள்வியே அதுதான்.

என் அப்பா காசிமேட்டில் விசைப்படகில் தொழிலுக்குப் போனவர். விடிவதற்கு முன் படகு கரைக்கு வந்ததும் கூடைகளை இறக்கி வைப்பார்கள். ஏலம் விடுபவர் விலையைக் கூவி ஏற்றுவார். மீன் விற்ற பிறகு அந்தப் பணத்திலிருந்துதான் தன் கமிஷனை எடுத்துக்கொள்வார். "மீனு விக்காம எவன்மா கமிஷன் கேப்பான்?" என்பார் அப்பா. இலக்கிய ஏஜென்டின் தொழிலும் அடிப்படையில் இதுவே. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் உள்நாட்டு விற்பனையில் வரும் தொகைக்கு 15 சதவீதம், வெளிநாட்டு உரிமைக்கு 20 சதவீதம் என்பது வழக்கமான அளவு. எழுத்தாளருக்குப் பணம் வந்தால்தான் அவருக்கும் வரும். பிரதியைப் படிப்பதற்கே கட்டணம் வாங்குவதை அந்நாட்டு ஏஜென்ட் சங்கங்களின் நடத்தை நெறிகள் ஏற்பதில்லை.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் என் கட்டிலுக்கு அடியில் இருந்தது. என் முதல் சிறுகதைத் தொகுப்புக்கு நாற்பதாயிரம் ரூபாய் நான் கொடுத்தேன். பதிப்பாளர் நீட்டிய இரண்டு பக்க ஒப்பந்தத்தில் காலமும் இல்லை, எல்லையும் இல்லை, 'அனைத்து உரிமைகளும்' என்ற இரண்டு சொற்கள் மட்டும் இருந்தன. சந்தோஷத்தில் கையெழுத்துப் போட்டேன். பின்னர் ஒருவர் அதில் ஒரு கதையைக் குறும்படமாக எடுக்கக் கேட்டபோது, உரிமை தங்களுடையது என்று பதிப்பகம் மறித்தது. பாரிமுனையில் ஒரு வழக்கறிஞர் தோழிதான் 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவைப் படித்துக் காட்டினார்: காலம் குறிப்பிடப்படாவிட்டால் 5 ஆண்டுகள் என்றும், எல்லை குறிப்பிடப்படாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும்தான் சட்டம் கொள்ளும். ஒரு ஏஜென்ட் என் பக்கம் உட்கார்ந்திருந்தால் இதைக் கையெழுத்துக்கு முன்பே சொல்லியிருப்பார். விற்காத பிரதிகள் எர்ணாவூர் வீட்டில் கட்டிலுக்கு அடியில் கிடந்தன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலோடு வந்த எண்ணெய் கலந்த வெள்ளம் அவற்றை எடுத்துக்கொண்டது. ஒரு கட்டைப் பிரித்தபோது பக்கங்கள் கருப்பாக ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன, வீடு முழுக்க அந்த எண்ணெய் வாடை.

தமிழில் ஏஜென்ட் வழக்கமே இல்லையே என்பீர்கள். உண்மைதான், தமிழ்ப் பதிப்பகங்களை எழுத்தாளர்கள் நேராகத்தான் அணுகுகிறார்கள், அதில் தவறும் இல்லை. ஆனால் மொழிபெயர்ப்பு, திரைப்படம், ஒலிப்புத்தகம் என்று உரிமைகள் தனித்தனியாக விலைபோகும் காலம் இது. டெல்லியில் ரைட்டர்ஸ் சைட், ஜெய்ப்பூரில் சியாஹி என்று இந்தியாவிலேயே ஏஜென்சிகள் இருக்கின்றன. தமிழ்நாடு அரசே 2023 முதல் சென்னையில் பன்னாட்டுப் புத்தகத் திருவிழா நடத்தி உரிமைப் பரிமாற்றத்துக்கு மேசை போட்டுக் கொடுக்கிறது. அதே ஆண்டு பெருமாள்முருகனின் நாவல் மொழிபெயர்ப்பு சர்வதேச புக்கர் பரிசின் நெடும்பட்டியலில் இடம்பெற்றது. வெளியே தமிழை யார் படிக்கிறார்கள் என்று இதற்குப் பிறகும் கேட்பவர்களிடம் பேச எனக்குத் தெம்பில்லை.

மேடையில் சொல்லப்படாத பதிலை இங்கே சொல்லிவிடுகிறேன். நாவலை முழுவதும் முடித்த பிறகே அணுக வேண்டும். உங்கள் எழுத்துக்கு நெருக்கமான நூல்களின் நன்றியுரைப் பக்கத்தைப் பாருங்கள், பலர் தம் ஏஜென்டின் பெயரை அங்கே சொல்லியிருப்பார்கள். அவர் என்ன கேட்கிறாரோ அதை மட்டும் அனுப்புங்கள்: பெரும்பாலும் ஒரு பக்கக் கடிதம், முடிவையும் மறைக்காத கதைச்சுருக்கம், முதல் மூன்று அத்தியாயங்கள். தமிழ் நாவலுக்கு ஆங்கில மாதிரி மொழிபெயர்ப்பு கட்டாயம் வேண்டியிருக்கும். ஒரே நேரத்தில் சிலருக்கு அனுப்பலாம், ஒருவர் ஏற்றுக்கொண்டால் மற்றவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். பதிலுக்கு மாதக்கணக்கில் காத்திருக்க நேரும், பதிலே வராமலும் போகும். கட்டணத்துக்குப் பிரதியைச் செம்மைப்படுத்தித் தருபவர்களும் உண்டு, அது வேறு வேலை. ஏஜென்ட் என்று சொல்லிக்கொண்டு முன்பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

இதைச் சொல்ல இரண்டு நிமிடம் போதும். மூத்தவர் ஏதோ விளையாட்டாகச் சொன்னார், அதைப் பெரிதாக்காதே என்று நேற்று ஒரு அண்ணன் போன் செய்தார். காணொளியை மறுபடி பாருங்கள், அண்ணா. புரோக்கர் என்று அவர் சொல்வதற்கு முன்பே, அந்தத் தங்கை 'ஏஜென்ட்டாண்ட எப்டி போறது' என்று வாயெடுத்தவுடனேயே முன்வரிசையில் சிரிப்பு தொடங்கிவிட்டது. எங்கள் வடசென்னைப் பேச்சு கதைக்குள் வந்தால் மண்வாசனை என்று மதிப்புரை எழுதுகிறீர்கள். அதே பேச்சில் ஒருத்தி தன் உரிமையைக் கேட்டால் மட்டும் ஏன் சிரிப்பு வருகிறது? இருபது ஆண்டுகளாக இந்தக் கூட்டங்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டவள் கேட்கிறேன்.

கூட்டம் முடிந்து படிக்கட்டில் அந்தத் தங்கை என்னிடம், "நான் கேட்டது தப்பாக்கா?" என்றார். நேற்று மாலை வியாசர்பாடியில் அவர் வீட்டில் உட்கார்ந்து, மூன்று பக்கமாக எழுதி வைத்திருந்த கடிதத்தை ஒரு பக்கமாகச் சுருக்கினோம். அதன் முதல் வரி, 'நான் அதிகம் படிக்காதவள், பிழைகளைப் பொறுத்தருளவும்' என்று இருந்தது. நான் எதுவும் சொல்லும் முன் அவரே பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தார்.

திங்கட்கிழமை நான்கு பேருக்கு அனுப்புகிறோம். ஆங்கில மாதிரி அத்தியாயத்தை ஒருமுறை படித்துத் திருத்தித் தரக்கூடியவர்கள் உள்பெட்டியில் எழுதுங்கள்.