முதல் தொகுப்புக்கு என்ன அவசரம்?

1962-ல் சி.சு. செல்லப்பா கொண்டுவந்த ‘புதுக்குரல்கள்’ தொகுப்பில் 24 கவிஞர்கள், மொத்தம் 63 கவிதைகள். ஆளுக்கு மூன்றுகூட வரவில்லை. 1959-லேயே செல்லப்பாவின் ‘எழுத்து’ இதழில் கவிதை எழுதிய பசுவய்யாவின் (சுந்தர ராமசாமி) முதல் தனித்தொகுப்பு 1975-ல்தான் வந்தது. இன்று எழுத ஆரம்பித்த இரண்டாம் வருடமே எண்பது கவிதைகளோடு புத்தகம் வந்துவிடுகிறது.

புதியவர்களை நான் குறை சொல்லவில்லை. குறை நம்மிடம் இருக்கிறது. “அருமை தோழர்” என்று பின்னூட்டம் போடுகிறோம், வெளியீட்டு விழாவில் பொன்னாடை போர்த்துகிறோம். அச்சுக்குப் போகும் முன் கைப்பிரதியை உட்கார்ந்து படித்துக் கொடுக்க மட்டும் ஆள் இல்லை.

இதற்குப் பெரிய அமைப்பு தேவையில்லை. ஆறு முதல் எட்டுப் பேர், மாதம் ஒருமுறை, இரண்டு மணி நேரம் போதும். ஓர் அமர்வுக்கு நான்கு கவிதைகளுக்கு மேல் எடுக்காதீர்கள். பத்து எடுத்தால் கடைசி ஐந்துக்குத் தலையாட்டல்தான் கிடைக்கும். பெயரை நீக்கி எல்லோருக்கும் நகல் கொடுங்கள். கவிதையை எழுதியவர் வாசிக்கக் கூடாது, வேறொருவர் சத்தமாக வாசிக்க வேண்டும். அவர் எங்கே தடுக்குகிறார், எங்கே மூச்சு முட்டுகிறது என்று எழுதியவர் பென்சிலால் குறித்துக்கொள்ளட்டும். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.

பிறகு பேச்சு. வயதில் இளையவர் முதலில் பேச வேண்டும். மூத்தவர் வாயைத் திறந்துவிட்டால் மற்றவர்கள் அவர் சொன்னதையே வேறு சொற்களில் திருப்பிச் சொல்வார்கள். முதல் சுற்றில் மனதில் நின்ற வரி எது என்பது மட்டும், அடுத்த சுற்றில் எது இல்லாவிட்டாலும் கவிதை நிற்கும் என்பது. எழுதியவர் கடைசியில்தான் பேசலாம். நடுவில் “நான் என்ன சொல்ல வந்தேன்னா...” என்று விளக்கம் கொடுத்துவிட்டால், அதன்பின் எல்லோரும் அந்த விளக்கத்தைத்தான் படிப்பார்கள், கவிதையை அல்ல.

திரும்பத் திரும்ப வரும் கோளாறுகள் சில உண்டு. கவிதை முடிந்த பிறகும் அதற்குப் பொருள் சொல்லும் கடைசி இரண்டு வரி. அவற்றை விரலால் மறைத்துப் படித்துப் பாருங்கள். ஒரே கவிதையில் நான்கு ‘போல’. கைபேசித் திரையின் அகலத்துக்கு உடைந்த வரிகள். அச்சுப் பக்கத்தில் இவை காரணமே இல்லாமல் முறிந்து கிடக்கும்.

புத்தகமாக்கும்போது இன்னொரு சிக்கல் வரும், இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. ஆஃப்செட்டில் ஒரு பாரம், அதாவது ஒரே தாளில் சேர்ந்து அச்சாகும் பக்கங்கள், பொதுவாக 16 பக்கம். முன்பக்கங்களும் கவிதைகளுமாக 67 பக்கத்துக்கு வந்தால் புத்தகம் 80 பக்கமாகும். மீதிப் 13 பக்கத்தை நிரப்ப, ஏற்கெனவே ஒதுக்கி வைத்த கவிதைகள் உள்ளே வருகின்றன, அல்லது மூன்று அணிந்துரைகள். செய்ய வேண்டியது நேர் எதிரானது: மூன்று பக்கத்தை வெட்டி 64-ல் நிறுத்துங்கள். தலைப்பு, பதிப்பு விவரம், உள்ளடக்கம், ஒரு சிறு முன்னுரைக்கு எட்டுப் பக்கம் போனாலும் 56 பக்கம் இருக்கிறது. முதல் தொகுப்புக்கு 45 கவிதைகள் தாராளம்.

பதிப்பாளருக்குப் பணம் கட்டித்தான் புத்தகம் போடுவதென்றால், எத்தனை பிரதி, அதில் உங்கள் கைக்கு எத்தனை, மறுபதிப்பு உரிமை யாரிடம் என்பதை எழுத்தில் வாங்குங்கள். தேவைக்கேற்ப அச்சிடும் முறையில் ஐம்பது பிரதிகூடப் போடலாம் என்பதால், முந்நூறு அடித்துக் கட்டிலுக்கடியில் அடுக்க வேண்டிய நிலை இப்போது இல்லை. ஐஎஸ்பிஎன் என்ற புத்தக அடையாள எண்ணை அரசு இலவசமாகவே தருகிறது, அதற்கென்று யாராவது தனிக் கட்டணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

விழா நடத்துபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஜனவரி சென்னைப் புத்தகக் காட்சியில் வெளியீடுகள் ஒன்றையொன்று விழுங்குகின்றன. வெளியீட்டைச் சிறிதாக வைத்து, அந்தச் செலவில் இருபது பிரதிகளைச் சிற்றிதழ்களுக்கும் விமர்சனம் எழுதுபவர்களுக்கும் அனுப்புங்கள். ஏப்ரலில் ஒரு விமர்சனக் கூட்டம் போடுங்கள், புத்தகத்தைப் படித்தவர்கள் மட்டும் பேசட்டும். கூடவே, 1954-ம் வருடச் சட்டப்படி வெளியான 30 நாளுக்குள் கன்னிமாரா நூலகத்துக்கு ஒரு பிரதி போக வேண்டும். போயிற்றா என்று பதிப்பாளரிடம் கேளுங்கள்.