குசினி எங்கே வேண்டும்?

போன மாதம் எங்கள் ஒழுங்கையில் ஒரு குடிபூரல். பரந்தனுக்குக் கிழக்கே, வயல் தொடங்குகிற இடம். லண்டன் காசு. தட்டைப் பிளாற் கூரை, சாம்பல் பூச்சு, முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. "மொடேர்ன் டிசைன்" என்று சொல்லிச் சொல்லிப் படம் எடுத்தார்கள். இடையில் கரண்ட் நின்றது. ஏசி இல்லாமல் அரை மணித்தியாலம்கூட உள்ளே இருக்க முடியவில்லை. பாதிப் பேர் அடுத்த வளவுக்கு, என் பெரியம்மாவின் கிடுகுக் கொட்டிலுக்குள் வந்து குந்திவிட்டார்கள்.

பெரியம்மாவுடையது வீட்டுத்திட்ட வீடு, கட்டம் கட்டமாகக் காசு தந்து கட்டவைக்கிறது. 550 சதுர அடி, இரண்டு அறை, சீற் கூரை, குசினி உள்ளுக்கே. விறகு அடுப்பு எரிக்கிற மனுசி அவர். புகை அறைக்குள் போகுமே, குசினியைத் தள்ளிப் போடலாமா என்று கேட்டிருக்கிறார். "பிளானில் இல்லை அம்மா, மாற்றினால் அடுத்த கட்டக் காசு வராது" என்றாராம் வேலையைப் பார்க்க வந்த ரீ.ஓ. (தொழில்நுட்ப உத்தியோகத்தர்). அவரைக் குறை சொல்லியும் பயனில்லை, தாளில் கீறியிருப்பதைத்தானே அவர் பார்க்க வேண்டும். சீமெந்து விலை ஏறி, காப்பு அடகுக்குப் போய், ஒருமாதிரி வீடு முடிந்தது. அந்தக் குசினியில் இப்போது நெல்மூட்டை. சமையல் கொட்டிலில்.

எனக்கு நவீனக் கட்டடக்கலையில் கோபம் இல்லை. சாதாரண சனத்துக்கு வீடு கட்டுவதும் அதன் ஆரம்பகால நோக்கங்களில் ஒன்றுதான். 1926இல் பிராங்பர்ட் நகரத் தொழிலாளர் வீடுகளுக்கு மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற பெண் ஒரு குசினி வடிவமைத்தார். 1.9 மீட்டர் அகலம், 3.4 மீட்டர் நீளம். சமைக்கிறவள் எத்தனை அடி நடக்கிறாள் என்று கணக்குப் பார்த்துக் கீறியது. கிட்டத்தட்ட 10,000 வீடுகளில் அது வந்தது. பிறகு இந்தியாவில், புதிதாகக் கட்டிய சண்டிகர் நகரத்தில், அரசு ஊழியர்களுக்குச் சம்பளத்தின்படி வகை வகையாக வீடு கட்டினார்கள். ஆளின் தரத்துக்கு ஒரு வீடு! எனக்கு அது ஒட்டவே இல்லை.

ஆனால் தூரம் போக வேண்டாம், கண்டிக்குப் போனால் போதும். 1950களில் வட்டப்புளுவையில் அரசு ஊழியர்களுக்கு இருநூறுக்கு மேற்பட்ட வீடுகளைத் திட்டமிட்ட கட்டடக் கலைஞர் மினெற் டி சில்வா, முதலில் குடும்பங்களுக்குக் கேள்விக்கொத்துக் கொடுத்தார். எப்படி வாழ்கிறீர்கள், என்ன வேண்டும் என்று கேட்ட பிறகுதான் பிளான். அதே நாட்டில், அறுபது வருடம் கழித்து, போருக்குப் பிந்திய வடக்கு கிழக்குக்கு 65,000 இரும்பு வீடு என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். ஒன்று 21 லட்சம் ரூபாயாம். வன்னி வெயிலில் இரும்பு! எதிர்ப்புக் கிளம்பிய பிறகுதான் ஆட்களை யோசித்தார்கள்.

லண்டன்காரருக்குக் குசினி இரண்டு. ஒன்று காட்ட, மற்றது பின்பக்கம் சமைக்க. பிளான் கீறியவர் இரண்டு முறை வந்து கேட்டு மாற்றிக் கொடுத்தாராம். பெரியம்மாவிடம் ஒருமுறை கேட்டிருந்தால் அந்தக் காப்பின் பாதியாவது மிஞ்சியிருக்கும்.

அன்று பின்னேரம் வீட்டுக்காரர் கொட்டிலின் வளையைத் தட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார். "மாமி, பின்னுக்கு இப்படி ஒன்று போட வேணும், என்ன செலவு வரும்?"

"செலவென்ன தம்பி, ஐந்நூறு கிடுகு கொண்டுவாங்கோ. பிளான் நான் கீறித்தாறன்."