கொஞ்சம் பருத்தி இருந்தால் பருத்தி டீசர்ட் ஆகிவிடாது

தூத்துக்குடி துறைமுகம் வழியாக ரெடிமேட் ஆடைகளை இறக்குமதி செய்யப்போகும் மதுரை விளக்குத்தூண் கடைக்காரர் ஒருவர் எந்தச் சுங்கக் குறியீடு போடுவது என்று கேட்டதற்கு, சிலர் இப்படி யோசனை சொல்லியிருக்கிறார்கள்: "பருத்தி கொஞ்சம் கலந்திருந்தாலே போதும், டீசர்ட், சட்டை எல்லாவற்றுக்கும் 6109 10 போடுங்கள்." இது தவறு, அண்ணன் தயவுசெய்து இதை நம்பி பில் ஆஃப் என்ட்ரி (சுங்கத்தில் தரும் இறக்குமதி அறிக்கை) போட வேண்டாம்.

முதலில் துணி எப்படி உருவானது என்று பார்க்க வேண்டும். நம் சுங்குடிச் சேலை பாவும் ஊடையுமாக நெய்தது. பனியன் துணி நூலை வளையம் வளையமாகக் கோத்துப் பின்னியது. பின்னிய உடைகள் சுங்க அட்டவணையில் 61ஆம் அத்தியாயம், நெய்தவை 62. ஆனால் பிரா, கார்செட் போன்றவை எப்படிச் செய்திருந்தாலும் 6212தான்.

அப்புறம் கலப்பு. எடையில் எந்த இழை அதிகமோ அதுதான் கணக்கு. 60 சதவீதம் பாலியஸ்டர், 40 சதவீதம் பருத்தி என்றால் அந்த டீசர்ட் 6109 90. 6109 10 என்பது பருத்தி டீசர்ட்டுக்கு மட்டும்.

பெரும்பாலும் தடுமாறுவது காலர் விஷயத்தில்தான். காலரும் முன்பக்கம் பொத்தானும் வைத்த ஆண்களின் பனியன் துணிச் சட்டையைக் கடையில் நாம் டீசர்ட் என்றே விற்கிறோம். சுங்கத்தில் அது 6105. அதிலும் இடுப்புக்குக் கீழே பாக்கெட் இருந்தாலோ, அடியில் இறுக்கிப் பிடிக்கும் ரிப் பட்டை இருந்தாலோ 6105 பொருந்தாது. ஸ்வெட்டர், ஸ்வெட்சர்ட் 6110.

சுய மதிப்பீடு, அதாவது குறியீட்டையும் வரியையும் நாமே கணக்கிட்டுச் சொல்வது என்பதால் பொறுப்பு இறக்குமதி செய்பவருடையது. குறியீடு தப்பினால் வித்தியாச வரியும் வட்டியும் அவர் தலையில்தான் விழும். சரக்கு கப்பல் ஏறும் முன்பே இழை விகிதத்தை எழுத்தில் வாங்கி, சாம்பிளைச் சுங்கத் தரகரிடம் காட்டிவிடுங்கள்.