விழிப்புலனற்றோரால் இணையத்தளம் செய்ய முடியாதா?

'விழிப்புலனற்றோருக்குக் கோடிங் சரிவராது, மவுஸால் இழுத்துப் போட்டுத்தான் இணையத்தளம் செய்யலாம்' என்று கிளிநொச்சிப் பக்கம் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. அது பொய். இதை நம்பி ஒரு தம்பி கணினி வகுப்பையே விட்டுவிட்டான் என்று கேட்டு மனம் நொந்துதான் எழுதுகிறேன்.

விழிப்புலனற்ற எங்களுக்குக் கஷ்டமே அந்த இழுத்துப் போடுவதுதான். நோட்பேடில் கையால் எழுதும் எச்.ரி.எம்.எல், அதாவது இணையப் பக்கத்தை ஆக்கும் குறிமொழி, வெறும் எழுத்து. திரையில் இருப்பதைக் குரலில் சொல்லும் திரைவாசிப்பான் மென்பொருள் அதை வரிவரியாகப் படித்துவிடும். வரித் தொடக்க இடைவெளியைக்கூட என்.வி.டி.ஏ என்ற திரைவாசிப்பான் சொல்லும். இலவசமான அந்த மென்பொருளை 2006இல் தொடங்கிய மைக்கேல் கரன் என்பவரே பார்வையற்றவர்.

தலைப்பை வெறுமனே பெரிய எழுத்தாக்காமல் தலைப்புக் குறியால் எழுதினால், திரைவாசிப்பானில் எச் (H) விசையை அழுத்தித் தலைப்புக்குத் தலைப்பு தாவலாம். அப்புறம், படத்துக்கு, அதில் என்ன இருக்கிறது என்று சொல்லும் மாற்று உரையும், பக்கத்துக்குத் தமிழ் என்ற மொழிக்குறியும் போடுங்கள். தம்பி, வகுப்புக்குத் திரும்பி வா.