குளிர் ஊருக்குத்தான் கூரை திறக்கிற கார்

பழைய கன்வர்டிபிள் வாங்கப் போகிறேன் என்று இங்கிலாந்தில் இருக்கும் எந்தத் தமிழரிடம் சொன்னாலும் முதலில் வருவது ஒரே கேள்விதான்: "இந்த மழை ஊர்ல அது எதுக்குப்பா?" இந்த மழை ஊரில்தான் அது சரிப்படும் என்பது என் கட்சி. சென்னையில் மே மாதம் பகல் ஒரு மணிக்குக் கூரையைத் திறந்துகொண்டு அண்ணா சாலையில் போய்ப் பாருங்கள், கிண்டி வருவதற்குள் மண்டை வெந்துவிடும், பஸ் புகையும் தூசியும் தனி. இங்கே பதினைந்து டிகிரி வெயிலில், ஹீட்டரைக் காலுக்குத் திருப்பி, பக்கக் கண்ணாடிகளை ஏற்றிவிட்டுப் போனால் அவ்வளவு சுகம். ஐரோப்பாவில் இந்த வகைக் கார்களுக்குப் பெரிய சந்தை எப்போதும் ஜெர்மனியும் பிரிட்டனும்தான், வெயிலுக்குப் பேர்போன ஸ்பெயின் அல்ல.

இரண்டே பேர் உட்காரும் ஸ்போர்ட்ஸ் காரைச் சொல்லவில்லை. பின் சீட்டில் இரண்டு பேர் நிஜமாகவே கால் வைத்து உட்காரக்கூடிய, குழந்தை சீட் மாட்டக்கூடிய வண்டிகள்: சாப் 9-3, வால்வோ சி70, ஆடி ஏ4 கேப்ரியோலே, ஃபோக்ஸ்வாகன் ஈயாஸ். புதிதாக வந்தபோது நம்மைப் போன்றவர்கள் விலையைக் கேட்டுவிட்டு நகர்ந்துவிடுவோம். இன்றைக்கு 2,000, 3,000 பவுண்டுக்கே ஓடுகிற நிலையில் கிடைக்கின்றன. நம் ஆட்கள் வீட்டுக்கு வீடு மாதத் தவணையில் ஏழு சீட் வண்டி வாங்கி, அதில் ஒருவர் மட்டும் உட்கார்ந்து வேலைக்குப் போய்வருவதைப் பார்க்கும்போது எனக்கு இது ஒன்றும் ஊதாரித்தனமாகத் தெரியவில்லை.

எங்கள் வீட்டில் இருப்பது துணிக்கூரை சாப் 9-3. ஸ்வீடன் பெயர்தான், ஆனால் இந்தத் தலைமுறைக் கன்வர்டிபிள்களில் பெரும்பாலானவை ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் மாக்னா ஸ்டையர் ஆலையில் செய்தவை. சாவி போடும் இடம் ஸ்டியரிங் பக்கம் இல்லை, இரண்டு முன் சீட்டுக்கும் நடுவில் கியர் பக்கத்தில். முதல் தடவை ஓட்டுகிறவர்கள் எல்லாரும் டாஷ்போர்டைத் தடவுவார்கள். 2011 டிசம்பரில் கம்பெனி திவாலானது, அதனால்தான் விலையும் குறைவு, வாங்கவும் பயப்படுகிறார்கள். பயத்தில் பாதிதான் நியாயம். அடிப்பாகம் வாக்ஸால் வெக்ட்ராவுடையதுதான், சாப், வாக்ஸால் இரண்டுமே அப்போது ஜெனரல் மோட்டார்ஸ் கையில் இருந்த சொந்தம், அதனால் பிரேக், பில்டர் மாதிரி சாமான்களுக்குப் பஞ்சமில்லை. கூரையைச் சேர்ந்த பாகம் ஏதாவது போனால் மட்டும் பழைய காரைப் பிரித்து விற்கிற யார்டுகளில் தேட வேண்டியதுதான்.

இரும்புக்கூரை மடிந்து டிக்கிக்குள் போகிற ரகங்களை நான் பரிந்துரைக்க மாட்டேன், மேலே சொன்ன ஈயாஸும் அந்த ரகம்தான். 2000-த்தில் பெஜோ 206 சிசி வந்து ஓகோ என்று ஓடியதும் ரெனோ, வாக்ஸால், ஃபோர்டு, ஏன் நிசான் மைக்ராவில்கூட அந்தக் கூரை வந்தது. மூடியிருக்கும்போது சாதாரண கார் மாதிரி சத்தமில்லாமல் இருக்கும், உண்மை. ஆனால் எத்தனை துண்டுகளோ அத்தனை இடுக்கு, அத்தனை ரப்பர் பட்டை, அவற்றுக்கு அவ்வப்போது தனி கிரீஸ். ஈயாஸில் கூரை ஐந்து துண்டு. அதைத் திறந்தால் 380 லிட்டர் டிக்கி 205 ஆகிவிடும், நாலு பேர் பையை எங்கே வைப்பது? துணிக்கூரை கிழிந்தால் தைக்கவோ புதிதாகப் போடவோ ஆள் இருக்கிறார்கள்.

வாங்கப் போகும்போது எல்லாரும் இன்ஜின் சத்தத்தைக் கேட்கிறார்கள். நீங்கள் முதலில் தண்ணீரைத் தேடுங்கள். கூரையின் ஓரத்தில் விழும் மழைநீர் சின்னக் குழாய்கள் வழியாகக் கீழே இறங்க வேண்டும். மரத்தடியில் நிறுத்திய வண்டியில் இலை மக்கி அந்தக் குழாய் அடைத்துக்கொள்ளும், அப்புறம் தண்ணீர் நேராகக் கார்பெட்டுக்கு அடியில் போய்த் தேங்கும். அங்கேதான் பல கார்களில் ஒயரும் எலெக்ட்ரானிக் பெட்டிகளும் இருக்கின்றன. நான் பார்க்கப் போன வண்டி ஒன்றில் (எந்தக் கம்பெனி என்பது வேண்டாம்) வெளியே பளபளவென்று பாலிஷ், உள்ளே ரியர் வியூ கண்ணாடியில் வாசனை அட்டை ஒன்றுக்கு மூன்றாகத் தொங்கியது. பின் சீட்டுக் கால் வைக்கும் இடத்தில் கார்பெட்டுக்கு அடியில் கையை விட்டேன், மேலே காய்ந்த மாதிரி இருந்த பஞ்சு கீழே நன்றாக ஊறிப்போய், எடுத்த விரல்களில் குட்டை நாற்றம். விற்பவர், "நேத்து கழுவினோம்" என்றார். சரி என்று கிளம்பிவிட்டேன்.

கூரையை இன்ஜின் ஓடும்போது இரண்டு தடவையாவது திறந்து மூடச் சொல்லுங்கள். பாதியில் நின்றால் உடனே மோட்டார் போச்சு என்று அர்த்தமில்லை. பேட்டரி தளர்ந்திருக்கலாம், அல்லது டிக்கிக்குள் இருக்கும் தடுப்பு சரியாக இறங்காமல் இருக்கலாம், அது இறங்கியதாக சுவிட்ச் சொன்னால்தான் கூரை அசையும். ஆனால் "அது சின்ன ரிப்பேர்தான்" என்று விற்பவர் சொன்னால், அந்தச் சின்ன ரிப்பேரை அவரே பார்த்துவிட்டு விற்கட்டும். டிக்கி ஓரங்களில் எண்ணெய்க் கறை இருந்தால் ஹைட்ராலிக் ஒழுகுகிறது. எம்ஓடி (வருடா வருடம் நடக்கும் வண்டித் தகுதிச் சோதனை) வரலாறு அரசாங்கத் தளத்தில் இலவசம், நம்பர் பிளேட் போதும், எந்த வருடம் எதில் ஃபெயில், எத்தனை மைல் எல்லாம் வந்துவிடும்.

வாகன வரியில்தான் நிறைய பேர் மாட்டுகிறார்கள். கூரையை வெட்டினால் உடம்பு தளர்ந்துவிடும் என்று அடியில் இரும்பு சேர்த்திருப்பார்கள், அதனால் எடை கூடும், புகையும் கூடும், வரி அந்தப் புகைக் கணக்கில்தான். இரண்டு லிட்டர் டர்போ, அதிலும் ஆட்டோமேட்டிக் என்றால் கிலோமீட்டருக்கு 225 கிராம் கார்பன் டை ஆக்சைடைத் தாண்டிவிட வாய்ப்பு உண்டு. அப்படித் தாண்டிய வண்டி 2006 மார்ச் 23-க்கு முன் பதிவானதென்றால் வரி வருடத்துக்கு 400 சொச்சம் பவுண்டோடு நிற்கும். அன்றைக்கோ அதற்குப் பிறகோ பதிவாகியிருந்தால் 700-க்கு மேல். ஒரே மாதிரி இரண்டு வண்டி, ஒரு மாத வித்தியாசம், வருடா வருடம் தண்டம். லண்டன்காரர்களுக்கு யூலெஸ் (புகை அதிகம் விடும் வண்டிகளுக்கான நாள் கட்டணம்) வேறு, 2023 ஆகஸ்ட் 29 முதல் நகரின் எல்லா பரோவிலும் (வட்டாரத்திலும்) உண்டு. பெட்ரோல் பெரும்பாலும் 2006-லிருந்து வந்தது தப்பிவிடும். டீசல் யூரோ 6 என்ற புகைத் தரத்தில் இல்லாவிட்டால் ஓட்டுகிற ஒவ்வொரு நாளும் 12.50 பவுண்டு. டீசல் கன்வர்டிபிள் ஏன் இவ்வளவு சல்லிசாக விளம்பரத்தில் கிடக்கிறது என்று இப்போது புரிந்திருக்கும்.

வீட்டில் வைத்து ஓட்டும்போது தெரிகிற உண்மை ஒன்று உண்டு, காற்று முன்னாலிருந்து அடிக்காது, பின்னாலிருந்து சுழன்று வரும். அதைத் தடுக்கும் வலையை மாட்டினால் பின் சீட்டே மூடிவிடும், நாலு சீட் கார் இரண்டு சீட் ஆகிவிடும். ஆகவே நாலு பேர் போகும்போது மோட்டார்வேயில் கூரை மூடித்தான், கிராமத்துச் சாலையில் திறந்து. ஊரிலிருந்து அம்மா வந்திருந்தபோது குதிரைகள் இஷ்டத்துக்குத் திரியும் நியூ ஃபாரஸ்ட் காட்டுப் பக்கம் போனோம். மங்கி குல்லா, அதற்கு மேல் என் மகளின் ஸ்கார்ஃப், முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு பின் சீட்டில் உட்கார்ந்தார். லிண்ட்ஹர்ஸ்ட் தாண்டி ஒரு குதிரைக்குட்டி நடுரோட்டில் வந்து நின்று, கதவுக்கு மேலாகத் தலையை நீட்டி அம்மாவின் பையை மோந்து பார்த்தது. பையில் இருந்தது முறுக்கு. "வண்டியை எடுடா" என்று சத்தம் போட்டார், ஆனால் அதற்கப்புறம் கூரையை மூடவே விடவில்லை.

மற்றபடி சாதாரண கார்தான். மேடு பள்ளத்தில் கண்ணாடி லேசாக நடுங்கும், பழகிவிடும். ஜெட் வாஷ் கூடாது, நனைந்த துணியை மடித்து வைத்தால் பூஞ்சை, உள்ளே எதையும் தெரிகிற மாதிரி வைத்துவிட்டுப் போகாதீர்கள், ஒரு பேனாக்கத்தி போதும் துணிக்கு.

தேடுவதானால் நவம்பர், டிசம்பரில் தேடுங்கள், அதுவும் மழை விட்ட மறுநாள். ஏப்ரலில் ஒரு வாரம் வெயில் அடித்தால் விலை ஏறிவிடும். விளம்பரம் ஏதாவது பார்த்து வைத்திருந்தால் இன்பாக்ஸில் அனுப்புங்கள், எம்ஓடி வரலாறு பார்த்துச் சொல்கிறேன். டீசல் மட்டும் அனுப்பாதீர்கள்.